உயிரும் இறையும்: இரு சமயங்கள், ஒரு தமிழ்

வடபுலத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிடையே இனியதொரு வழக்கம் உண்டு. பொங்கலன்று நம் இல்லத்துச் சர்க்கரைப் பொங்கல் கிறித்தவ அன்பர் இல்லத்திற்குச் செல்லும். டிசம்பர் மாதத்தில் அங்கிருந்து கேக்கும் முறுக்கும் நமக்கு வரும். அத்தகைய நாளொன்றின் மறுநாள் காலையில் என் மகள், "அப்பா, அவர்கள் கும்பிடும் கடவுளும் நாம் கும்பிடும் கடவுளும் ஒன்றுதானே?" என்று வினவினாள். "ஆமாம் அம்மா" என்று கூறிவிட்டு அலுவலகத்திற்குப் புறப்பட்டேன். பேருந்தில் அமர்ந்த பின்னரே, விடை கூறினோமா, வினாவைத் தட்டிக் கழித்தோமா என்னும் ஐயம் எழுந்தது. தமிழ் மண்ணில் சான்றோர் பலர் இதே வினாவோடு பல்லாண்டு போராடியுள்ளனர். அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் டி நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். தம் சமயத்தை எடுத்துரைக்கப் புகுந்தபோது அவர் எதிர்கொண்ட பெரும் இடர்ப்பாடு சொல்லே. இறைவனைச் 'சருவேசுரன்' என்றார். உயிரை 'ஆத்துமம்' என்றார். ஆத்துமம் என்னும் சொல்லோ, மறுபிறப்புக் கொள்கையோடு நெடுங்காலம் பிணைந்திருந்தது. சொல்லை ஏற்றுக்கொண்டவர் அதன் பழம்பொருளை ஏற்க இயலவில்லை. எனவே 'ஆத்தும நிர்ணயம்' இயற்றிய அவரே, 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூலையும் எழுத வேண்டியதாயிற்று.

இந்து சமயம் என ஒருமையில் கூறினும், உயிர் பற்றி அதனுள் ஒரே கொள்கை இல்லை. உயிரும் பிரம்மமும் ஒன்றே என்பார் சங்கரர். உயிர் இறைவனுக்கு உடல் போன்றது என்பார் இராமானுசர். இரண்டும் என்றும் வேறே என்பார் மத்துவர். தமிழில் தழைத்த சைவ சித்தாந்தமோ பதி, பசு, பாசம் என முப்பொருள் கூறும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களில் இதனை நிறுவுகின்றது. நம் ஒப்பீட்டிற்கு இதுவே பொருத்தமானது.

சித்தாந்தத்தின்படி உயிரை இறைவன் படைக்கவில்லை. இறைவனைப் போலவே அதுவும் அநாதி. செம்பில் களிம்பு போல ஆணவ மலமும் அன்றே அதனைப் பற்றியுள்ளது. அம்மலம் நீங்குதற்பொருட்டே உலகும் உடலும் பல பிறவிகளும் தரப்படுகின்றன. கிறித்தவ மரபோ, உயிரை இறைவன் ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தான் என்னும். தீமை தொடக்கமற்றதன்று, படைக்கப்பட்டவர் தம் விருப்பத்தால் கீழ்ப்படியாமையில் விழுந்ததன் விளைவு அது. மண்ணுலக வாழ்வு ஒன்றே. இறுதியில் உயிர் மட்டுமன்றி உடலும் எழும்.

இறைவன் மனிதரை நாடி வருவதிலும் வேறுபாடு உண்டு. திருமால் பல அவதாரம் எடுப்பார் என்பது வைணவம். சிவன் குருவாய் எழுந்தருள்வான்; ஆயின் கருவில் உற்றுப் பிறவான் என்பது சைவம். இறைமகன் ஒரே முறை மனிதனாய்ப் பிறந்து, பாடுபட்டு இறந்து உயிர்த்தார் என்பது கிறித்தவம்.

இத்துணை வேறுபாடுகளுக்கிடையே இரண்டும் சந்திக்கும் இடம் அருள். உயிர் தன் முயற்சியால் மட்டும் கரையேற இயலாது. இறைவனின் அன்பே அதனை ஏற்றும் என்பதில் சித்தாந்தியும் கிறித்தவரும் அருகருகே நிற்கின்றனர். கத்தோலிக்கர் 'வரப்பிரசாதம்' என்றும், சீர்திருத்தச் சபையார் 'கிருபை' என்றும் வழங்கிய அதனை, 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்றே கூறுகின்றது. பராபரன், தேவன், சருவேசுரன் எனப் பலவாறு வழங்கிய இறைப்பெயரும் அதில் 'கடவுள்' ஆயிற்று.

இச்சந்திப்பை உணர்ந்தவர்களுள் தலையாயவர் ஜி. யு. போப். 1839-இல் இளைஞராய்த் தமிழகம் வந்து, பின்னாளில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த அவர், 1900-இல் தம் எண்பதாம் வயதில் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பை நிறைவுசெய்து வெளியிட்டார். அதனுடன் உமாபதி சிவத்தின் திருவருட்பயனையும் மொழிபெயர்த்துச் சேர்த்தார். அவர் சைவராகவில்லை, இறுதிவரை கிறித்தவக் குருவாகவே வாழ்ந்தார். வேறுபாட்டை மறைக்காமலும் அன்பைக் குறைக்காமலும் பிறர் சமயத்தைக் கற்க இயலும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

'எல்லாம் ஒன்றே' என்பது எளிது. கற்க வேண்டிய சுமையும் அதில் இல்லை. 'எல்லாம் வேறே' என்று கதவடைப்பதும் எளிதே. அன்று மாலை மகளை அழைத்து, "உயிர் எங்கிருந்து வந்தது என்பதில் இருவரும் வேறுபடுகிறோம் அம்மா. அருளின்றி உயிருக்கு உய்வில்லை என்பதில் ஒன்றுபடுகிறோம்" என்றேன். சிறிது நேரம் சிந்தித்தவள், "அப்படியானால் அவர்கள் வீட்டுத் தாத்தாவிடமும் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். நான் கூறிய விடையினும் அவள் கூறியதே சிறந்ததாக எனக்குத் தோன்றியது.