உஸ்மானியாப் பாடநூல்களும் இரண்டாம் நூல் என்னும் சிக்கலும்

இளங்கலை வகுப்பில் வரலாறோ மெய்யியலோ பயில வரும் மாணவன் எந்த அளவிற்கு வாசிப்புக்கு ஆயத்தமாகி வருகிறான் என்னும் வினா, பயிற்றுமொழி பற்றிய நம் விவாதங்களில் பெரும்பாலும் கலைச்சொல் சிக்கலாகச் சுருங்கிவிடுகிறது. சொல் கிடைத்தால் நூல் வந்துவிடும். நூல் வந்தால் மாணவன் படித்துவிடுவான் என்பது அவ்விவாதங்களின் அடியில் கிடக்கும் எண்ணம். இதனைச் சோதித்தறிய, ஐதராபாத்து உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் முதல் முப்பதாண்டு வரலாறு தக்க களமாக அமைகின்றது.

அப்பல்கலைக்கழகம் தோன்றுமுன் ஐதராபாத்தின் உயர்கல்வி சென்னையை நோக்கியே இருந்தது. 1887இல் தோன்றிய நிஜாம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றிருந்தது; இவ்விணைப்பு 1947 வரை நீடித்தது. ஆகவே தக்காண மாணவனும் சென்னை மாணவனும் ஒரே தேர்வை ஆங்கிலத்தில் எழுதினர். அயல்மொழிவழிக் கல்வி மாணவனின் நினைவாற்றலின்மேல் சுமையேற்றிச் சிந்தனையைத் தளரச் செய்கிறது என்பதே 1917இல் அக்பர் ஹைதரி நிஜாமுக்கு அளித்த குறிப்பின் சாரம். அவ்வாண்டே நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் ஆணை பிறப்பித்தார். உருது பயிற்றுமொழியாயிற்று, ஆங்கிலம் கட்டாயப் பாடமாக நிலைத்தது.

இங்கு நோக்கத்தக்கது நிகழ்ச்சிகளின் வரிசை. மொழிபெயர்ப்புத் துறை (தாருல் தர்ஜுமா) 1917இலேயே அப்துல் ஹக் தலைமையில் நிறுவப்பட்டது. இடைநிலை வகுப்புகள் 1919இல்தான் தொடங்கின. பட்ட வகுப்புகள் அதற்கும் பின்னரே. மாணவனுக்கு முன்பே நூல் உருவாகத் தொடங்கியது என்பது இந்திய உயர்கல்வி வரலாற்றில் அரிய செய்தி. எழுதியவர்கள் யார் என்பதும் கருதத்தக்கது. ‘உம்ராவ் ஜான் அதா’ புதினத்தின் ஆசிரியர் மிர்சா ஹாதி ருஸ்வா அங்கு மெய்யியல் நூல்களை மொழிபெயர்த்தார். கவிஞர் ஜோஷ் மலிஹாபாதியும் அத்துறையில் பணியாற்றினார். புதினமும் கவிதையும் எழுதிய கைகள் பாடநூலையும் எழுதின. இத்தகைய சூழல் தமிழுக்கு வாய்த்தது குறைவே.

சொல்லாக்கத்தில் இரு கட்சிகள் இருந்தன. அரபு வேர்களிலிருந்தே சொற்களைப் படைக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். உருது இந்திய-ஆரிய மொழியாதலின் அதன் முன்னொட்டு பின்னொட்டு இயல்பையொட்டியே படைக்கவேண்டும் என வஹீதுத்தீன் சலீம் தம் ‘வஸ்-ஏ-இஸ்திலாஹாத்’ (1921) நூலில் வாதிட்டார். வடசொல்லா தனித்தமிழா என்று தமிழகத்தில் 1930களிலும் 1940களிலும் நிகழ்ந்த பூசலை அறிந்தோர்க்கு இவ்வாதம் புதிதன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜி முன்னின்று நிறுவிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும் ஏறத்தாழ இக்காலத்ததே. ஆனால் அச்சங்கத்தின் பின்னே ஒரு பல்கலைக்கழகம் இல்லை. சொற்கள் பிறந்தன, வகுப்பறை பிறக்கவில்லை. தமிழ்வழிப் பட்ட வகுப்பு 1960இல்தான் கோவை அரசு கலைக் கல்லூரியில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது.

எனினும் உஸ்மானியாவை முழு வெற்றியாகக் காட்டுவது பொருந்தாது. ஐதராபாத்து அரசின் மக்களுள் பெரும்பான்மையோரின் தாய்மொழி தெலுங்கு, மராத்தி அல்லது கன்னடம். வாரங்கல் பகுதியிலிருந்து வந்த தெலுங்கு மாணவனுக்கு உருதுவும் கற்றுத்தேற வேண்டிய மொழியே. தாய்மொழிக் கல்வி என்ற பெயரில் நிகழ்ந்தது அவனைப் பொறுத்தவரை ஓர் அயல்மொழி போய் மற்றொன்று வந்ததே ஆகும்.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. பாடநூல் உருதுவில் இருந்தது. அப்பொருளையே வேறு நோக்கில் கூறும் இரண்டாம் நூலும் மூன்றாம் நூலும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஆங்கிலம் கட்டாயப் பாடமாக வைக்கப்பட்டதன் உட்பொருள் இதுவே எனக் கருதத் தோன்றுகின்றது. மானுடவியல் துறைகளில் வாசிப்பு என்பது இரு நூல்கள் முரண்படும் இடத்தில் தொடங்குவது. ஒரே நூலை ஓதி முடிப்பது, ஹைதரி குறைகூறிய மனனத்திற்கே மீண்டும் இட்டுச்செல்லும். 1948க்குப் பின் பயிற்றுமொழி ஆங்கிலமாக மாற்றப்பட்டபோது, உருதுப் பாடநூல்கள் வகுப்பறையில் தம் இடத்தை இழந்தன. அந்நகரிலேயே தெலுங்குப் பாடநூல்களுக்கெனத் தெலுங்கு அகாதமி 1968இலும், உருதுவழிக் கல்விக்கென மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் 1998இலும் தோன்றின. இருமுறையும் பாடநூலாக்கம் ஏறத்தாழ முதலிலிருந்தே தொடங்கவேண்டியதாயிற்று.

தமிழில் இரண்டாம் நூலுக்கு வாய்ப்பே இல்லாதிருந்தது எனல் இயலாது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், கோவை முன்னோட்டத்திற்கு முன்பே அச்சேறத் தொடங்கியது. அதனைப் பாடத்தோடு இணைத்துப் படிக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. அவ்விடத்தைக் கடைத்தெரு வினா-விடைக் கையேடுகள் பிடித்துக்கொண்டன. கட்டுரையாளரின் முதலாண்டு வகுப்பிலும் இதுவே நிலை. களப்பிரர் காலம் பற்றி மாறுபட்ட முடிபுடைய இரு பகுதிகளைக் கொடுத்தால், ‘ஐயா, இதில் எதைத் தேர்வில் எழுதுவது?’ என்பதே முதற்கேள்வியாக எழுகின்றது. ஆதலின் ஆண்டின் முதல் வாரத்தில் பாடம் நடத்துவதில்லை. பாடநூலின் இறுதியிலுள்ள நூற்பட்டியலைத் திறந்து, அதில் தமிழ் நூல்கள் எத்தனை, அவற்றுள் நம் நூலகத்தில் உள்ளவை எத்தனை என்று எண்ணிவரச் சொல்வதே முதற்பயிற்சி.