இந்திய வான்படை வானூர்தி கே2743

கே2743 என்பது 2016 சூலை 22 அன்று வங்காள விரிகுடாவின் மேல் பறந்தபோது காணாமற்போன இந்திய வான்படையின் அன்டனோவ் ஏஎன்-32 வகைப் போக்குவரத்து வானூர்தி ஆகும். இதில் 29 பேர் பயணித்தனர். 7 ஆண்டுகளுக்கும் மேலாக இதன் முடிவு அறியப்படாத மர்மமாக இருந்தது.

நிகழ்வு

சென்னையை அடுத்த தாம்பரம் வான்படைத் தளத்தில் இருந்து காலை சுமார் 8:30 மணிக்கு வானூர்தி புறப்பட்டது. அது அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் சிறீ விஜயபுரம்) நகரை 11:45 மணியளவில் அடைய வேண்டியிருந்தது. பறப்புக் குழுவினர் 6 பேருடன் முப்படையினரும், கடலோரக் காவல்படை வீரர் ஒருவரும், விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் குடிசார் ஊழியர்கள் 8 பேரும் இதில் இருந்தனர்.

புறப்பட்ட 16 நிமிடங்களில் விமானி கடைசியாகத் தொடர்பு கொண்டபோது எதுவும் வழமைக்கு மாறாக இருக்கவில்லை. 9:12 மணியளவில் சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில் 23,000 அடி உயரத்தில் பறந்த வானூர்தி இடப்புறம் திரும்பி, விரைவாக உயரம் இழந்து, ராடாரில் இருந்து மறைந்தது. ஆபத்து அழைப்பு எதுவும் பெறப்படவில்லை.

தேடுதல்

கடற்படை, வான்படை, கடலோரக் காவல்படை ஆகியன இணைந்து பரந்த அளவில் தேடின. சாகர் நிதி, சமுத்திர ரத்னாகர் ஆகிய ஆய்வுக் கப்பல்களும் ஈடுபடுத்தப்பட்டன. கடலின் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியதாலும், நீருக்கடியில் ஒலி எழுப்பும் இடங்காட்டி வானூர்தியில் இல்லாததாலும் தேடல் பலனளிக்கவில்லை. 2016 செப்டம்பரில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுவதாக உறவினர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ஊகங்கள்

தடயமின்றி விமானிகள் மறையும் நிகழ்வுகள் பறக்கும் தட்டு பற்றிய ஊகங்களுக்கு இடமளிப்பதுண்டு. 1978 அக்டோபர் 21 அன்று ஆத்திரேலியாவின் பாசு நீரிணை மேல் செஸ்னா 182 வானூர்தியில் தனியே பறந்த 20 வயது பிரெடரிக் வாலண்டிச், இனந்தெரியாத பொருளொன்று தம்மைச் சுற்றி வருவதாக வானொலியில் தெரிவித்த பின் மறைந்தார். 1983 இல் பிளிண்டர்சு தீவில் கரையொதுங்கிய இயந்திர மூடிப் பாகம், அவருடையதையொத்த செஸ்னா வானூர்திக்கு உரியதாக அடையாளம் காணப்பட்டது. கே2743 நிகழ்வில் இத்தகைய வானொலிச் செய்தி எதுவும் இல்லை.

சிதைவுகள்

சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், வானூர்தி மறைந்த பகுதியில் தன்னியக்க நீரடி ஊர்தியைச் செலுத்தி, சோனார் கருவிகளாலும் ஒளிப்படக் கருவியாலும் ஆய்வு செய்தது. சென்னைக் கடற்கரையில் இருந்து 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடப்பதைப் படங்கள் காட்டின. அவை ஏஎன்-32 வானூர்தியுடன் ஒத்திருப்பதாகவும், அப்பகுதியில் வேறு வானூர்தி விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றும் பாதுகாப்பு அமைச்சகம் 2024 சனவரி 12 அன்று அறிவித்தது. வானூர்தி மறைந்த இடம் பற்றிய புதிர் இவ்வாறு விலகிய போதிலும், அது திடீரெனத் திரும்பி உயரம் இழந்ததற்கான காரணத்தை இக்கண்டுபிடிப்பு விளக்கவில்லை.