பறவை போய்த் தட்டு வந்த பிறகு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய ஒரு விளையாட்டில், பெட்டிகளில் அடைத்த உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டு, அவை மேலெழும்போது சுட்டு வீழ்த்தினர்; ஒலிம்பிக்கில் இன்றும் வழங்கும் 'டிராப்' என்ற பெயர் அந்தப் பெட்டியைக் குறித்ததே ஆகும். புறாவுக்கு மாற்றாகக் கண்ணாடி உருண்டைகள் சில காலம் பயன்பட்டபின், 1880இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி, சுழன்று பறக்கும் சுட்ட மண்தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது ரவை பட்டும் சில வேளைகளில் உடையாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால், கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த தட்டு பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. மண் போனாலும் களிமண் தட்டு என்ற பெயர் போகவில்லை. பிடித்து வைத்த பறவைகளை இவ்வாறு சுடுவதை பிரிட்டன் 1921இல் சட்டத்தால் தடுத்தது மிகவும் காலம் தாழ்ந்த செயல் என்றே கருதவேண்டும்.

இலக்கு மாறவே துப்பாக்கியும் மாறியது. ஒரே தோட்டாவில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகளைச் சிதறச் செய்யும் ஷாட்கன், வேட்டைக்காரர் நாள் முழுதும் சுமந்து நடப்பதற்காக எடை குறைத்துச் செய்யப்பட்டிருந்தது; தட்டு சுடுபவரோ நின்ற இடத்தில் நின்று, ஒரே நாளில் நூறு தோட்டாக்களுக்கு மேல் சுடுவதால், பின்னுதைப்பைத் தாங்கும் கனமான துப்பாக்கியே அவருக்கு ஏற்றதாயிற்று. டிராப் தட்டு எப்போதும் மேல்நோக்கியே விரைவதால், ரவைத்திரள் பார்வைக்கோட்டுக்குச் சற்று மேலே செல்லுமாறு கட்டையின் கன்னம் படியும் பகுதியை உயர்த்தினர். விலகி ஓடும் தட்டை எட்டும்வரை ரவைகள் அதிகம் பரவாதிருக்கக் குழலின் வாயைச் சற்றே ஒடுக்கினர். 'சோக்' எனப்படும் இவ்வொடுக்கம், அருகில் குறுக்காகப் பறக்கும் தட்டுகளைச் சுடும் 'ஸ்கீட்' துப்பாக்கியில் மிகக் குறைவாகவே இருக்கும்.

பக்கம் பக்கமாக இருந்த இரட்டைக் குழல்கள் மேல்கீழாக அமைந்ததே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம். ஒற்றைக் குழலின் மீது பார்ப்பதுபோல் பார்வை தெளிவாகிறது, கீழ்க்குழல் வெடிக்கும்போது உதைப்பும் நேராகத் தோளுக்கு வருகிறது. இவ்வகைத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த ஜான் பிரௌனிங், 1926இல் பெல்ஜியத்தின் எர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே உயிர்நீத்தார். அதன் இரு குழல்களுக்கும் ஒரே விசை போதும்படி செய்தவர் அவருடைய மகன் வால். இத்தாலியின் பிரெசியா பகுதியில் 1957இல் தொழில் தொடங்கிய டானியேலே பெராஸி, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை முன்னிட்டு எம்எக்ஸ்8 என்னும் துப்பாக்கியை வடிவமைத்தபோது, போட்டி நடுவே வில்சுருள் முறிந்தாலும் ஆட்டம் தடைபடாதவாறு விசைத்தொகுதி முழுவதையும் நொடியில் கழற்றி வேறொன்றைப் பொருத்த வழிசெய்தார்.