மாக்கோழியும் ‘பெத்தவ’னும்

எழுத்தாளர் இமையத்தின் ‘பெத்தவன்’ நெடுங்கதை குறித்துச் சில சொல்கிறேன். கதை பலரும் அறிந்ததே. தலித் இளைஞரான காவல் உதவி ஆய்வாளரை விரும்பிய மகளைக் கொன்றுவிடுவதாகத் தகப்பன் பழனியிடம் ஊர் கூடி வாக்கு வாங்குகிறது. அவரோ இரவோடு இரவாக நகையும் பணமும் கொடுத்து மகளை அனுப்பிவிட்டு, நஞ்சுண்டு மாய்கிறார்.

இத்தனை கொடூரத்தை எழுதத்தான் வேண்டுமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். மேல்சித்தாமூர் சமண மடத்தை அருகில் வைத்திருக்கும் நாம் அப்படிக் கேட்கலாகாது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான சமண நூல் யசோதர காவியம் காட்டாத கொடூரமா? காளிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள், மன்னன் யசோதரனின் தாய் சந்திரமதி. உயிர்க்கொலைக்கு யசோதரன் உடன்படவில்லை. மாவினால் கோழி செய்து வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட மாக்கோழி கூவுகிறது! பின் அரசி அமிர்தமதி கணவனுக்கும் மாமிக்கும் நஞ்சிட்டுக் கொல்கிறாள். கொலை எண்ணத்துக்கே மயிலாய், நாயாய்ப் பிறந்து பிறந்து அவர்கள் படும் பாட்டைக் கவிஞர் ஒளிக்காமல் பாடுகிறார். படிப்பவன் நெஞ்சு நடுங்கினால்தான் அருள் பிறக்கும் என்பதைச் சமணச் சான்றோர் அறிந்திருந்தனர்.  குறளும் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தது.

கொடூரத்தைக் காட்டி அருளை எழுப்பும் அதே மரபில் வைத்தே இமையத்தை நான் படிக்கிறேன். அவர் கோழியைச் சொல்லவில்லை, பெற்ற பிள்ளையைச் சொல்கிறார். பலி கேட்பது காளியன்று, கூடி நிற்கும் உறவுமுறை. இது வெறும் கற்பனையன்று: 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மாறி மணந்த கண்ணகி, முருகேசன் இணையர் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. 2012இல் வெளிவந்த இக்கதையின் பழனி, ஊர் சொன்னதைச் செய்யாத ஒரு தகப்பன். அந்த ஒருவரைப் படைத்துக் காட்டியதே நூலின் பெருமை.

நம் வல்லம் வட்டாரத்துப் பெற்றோர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சாதியின் பெயரால் எவர் வாக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.