பொசோலே

பொசோலே என்பது மெக்சிக்கோ நாட்டின் மரபுவழி உணவுகளுள் ஒன்றாகும். சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்தித் தோல் நீக்கிய பெருமணி மக்காச்சோளமும் பன்றி இறைச்சியும் சேர்த்துப் பல மணி நேரம் வேகவைத்து இது ஆக்கப்படுகிறது. சூப்பு வகையில் சேர்க்கப்பட்டாலும், இது உணவுக்கு முன் அருந்தும் நீர்மம் அன்று. ஒரு கிண்ணமே முழு உணவாக அமையும். மெக்சிக்கோவின் விடுதலை நாளுக்கு முந்திய செப்டம்பர் 15 இரவிலும், கிறித்துமசு, புத்தாண்டு நாட்களிலும் பெரும் பானைகளில் சமைக்கப்படுகிறது. தென் மெக்சிக்கோவில் சோள மாவைக் கரைத்துக் குடிக்கும் போசோல் என்னும் பானம் வேறு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

பெயரும் வரலாறும்

பெயர் நாவாட்டில் மொழியின் பொசொல்லி என்னும் சொல்லில் இருந்து வந்தது. இச்சொல்லைக் கொதித்தல், நுரைத்தல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புபடுத்துவர். வெந்த சோளமணி நுரைபோல் விரிவது இதற்குப் பொருந்துகிறது.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ தே சாகூன் தொகுத்த நூலில், பலியிடப்பட்ட போர்க் கைதியின் தசையைச் சோளத்துடன் இட்டுப் பரிமாறிய சடங்குணவு ஒன்று குறிக்கப்படுகிறது. அதன் பெயர் த்லாகத்லாவோல்லி. இதையே பொசோலேயின் மூலமாகப் பலர் எழுதுகின்றனர். ஆனால் சடங்கில் சிலர் மட்டும் உண்டதைக் கொண்டு மக்களின் அன்றாடச் சோளக் கஞ்சியை விளக்குவது சரியாகத் தோன்றவில்லை. பன்றி அமெரிக்கக் கண்டத்துக்கு ஸ்பானியருடன் வந்தது என்பதில் மட்டும் ஐயமில்லை.

சுண்ணாம்புப் பக்குவம்

பொசோலேயின் உயிர்நாடி இறைச்சி அன்று, சோளமே. காகாவாசின்ட்லே என்னும் வெண்ணிறப் பெருமணி வகை இதற்கு விரும்பப்படுகிறது. இதை நீற்றிய சுண்ணாம்பு (கால்சியம் ஐதராக்சைடு) கலந்த நீரில் வேகவைத்து ஊறவிடுவது நிக்சமாலாக்கம் எனப்படும். காரக் கரைசல் மணியின் வெளித்தோலைப் பிணைத்திருக்கும் அரைச்செல்லுலோசைக் கரைப்பதால் தோல் கையோடு கழன்று வருகிறது. சோளத்தில் கால்சியமும் ஏறுகிறது.

இதனினும் முதன்மையான பயன் ஒன்று உண்டு. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் (உயிர்ச்சத்து பி3) பெரும்பகுதி உடல் ஏற்க இயலாதவாறு பிணைந்துள்ளது; சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டு சென்றனர், இம்முறையைக் கொண்டு செல்லவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே பெலாக்ரா நோய் பரவியது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், இறுதியில் இறப்பு என்பது இந்நோயின் போக்கு. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் கஸ்பார் கசால் 1735இல் இதை விவரித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் பல்லாயிரவர் மாண்டனர். இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைபாடே என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் நடத்திய ஆய்வுகளில் காட்டினார். குறைந்த பொருள் நியாசினே என்பதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பைக் கான்ராட் எல்வெஜம் 1937இல் செய்தார். மெக்சிக்கோவின் அடுப்படிகளில் அதற்கு விடை பல நூற்றாண்டுகளாக இருந்தது.

வகைகள்

சிவப்பு, பச்சை, வெள்ளை என மூவகை உண்டு. சிவப்பு ஹலிஸ்கோ மாநிலத்துக்கும், பச்சையும் வெள்ளையும் கெரேரோ மாநிலத்துக்கும் பெயர் பெற்றவை. பச்சை வகையில் பூசணி விதையும் தொமாத்தியோ என்னும் பச்சைக் காயும் அரைத்துச் சேர்க்கப்படும். கெரேரோவில் வியாழக்கிழமை பொசோலே உண்பது வழக்கம்.

வீட்டில் செய்யும் முறை

எட்டுப் பேருக்கு அரைக் கிலோ உலர் சோளம் போதும். இரண்டு லிட்டர் நீரில் 5 கிராம் உணவுத் தர நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தை இட்டு, மெல்லிய தீயில் 30 முதல் 40 நிமிடம் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அலுமினியப் பாத்திரம் காரத்தால் அரிக்கப்படும். துருவேறா எஃகு நன்று. கட்டிட வேலைக்கான சுட்ட சுண்ணாம்பை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. மறுநாள் தோலைத் தேய்த்துப் பலமுறை கழுவி, ஒவ்வொரு மணியின் அடிமுனையையும் கிள்ளி எடுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் முனை நீங்கினால்தான் மணி பூப்போல் நன்கு விரியும்.

பின்னர் புதுநீரில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைத்து, மணி விரியத் தொடங்கியதும் ஒரு கிலோ பன்றித் தோள் இறைச்சி, சில எலும்புத் துண்டுகள், ஒரு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, இறைச்சி நார்நாராகப் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். தலை, கால் எலும்புகள் சாற்றுக்குக் கெட்டித்தன்மை தரும். தகரப் பெட்டியில் அடைத்த சோளம் முன்பே வெந்தது. அதைக் கடைசி அரைமணி நேரத்தில் சேர்த்தால் போதும்.

சிவப்பு வகைக்கு ஆறு குவாகியோ, மூன்று ஆன்ச்சோ மிளகாய்களை விதை நீக்கி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டுடன் அரைத்து வடிகட்டி, பன்றிக் கொழுப்பில் வதக்கிச் சேர்ப்பர். இவை நிறமும் மணமும் தருவன, காரம் குறைவு.

பரிமாறும்போது நறுக்கிய லெட்யூஸ் அல்லது முட்டைக்கோசு, சிவப்பு முள்ளங்கி, பச்சை வெங்காயம், ஓரிகனோ, எலுமிச்சை, மிளகாய்த் தூள் ஆகியவை தனித்தனியே வைக்கப்படும். உண்போர் தாமே வேண்டிய அளவு இட்டுக் கொள்வர். உடன் மொறுமொறுப்பான தொஸ்தாதா அப்பம் கொடுக்கப்படும்.