நரம்பும் விரலும்

வாத்தியங்களின் வரலாற்றை எழுதுவோர் மரத்தைப் பற்றி எழுதுவர். வாசித்த கலைஞரைப் பற்றி எழுதுவர். இடையில் நிற்கும் நரம்பை மறந்துவிடுவர். லூட் என்னும் ஐரோப்பிய வாத்தியத்தின் கதையை நான் நரம்பிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

லூட் அரபு மக்களின் ஊத் வாத்தியத்தின் வழிவந்தது. அதன் பெயரும் அல்-ஊத் என்பதன் திரிபே. 822இல் ஸ்பெயினுக்கு வந்து கோர்டோபாவில் புகழ்பெற்ற ஸிர்யாப் என்ற இசைவாணர், மர மீட்டுகோலை விலக்கிக் கழுகின் இறகைக் கையாண்டார் என்றும், தடித்த நரம்புகளைச் சிங்கக்குட்டியின் குடலிலிருந்து செய்தார் என்றும் 17ஆம் நூற்றாண்டில் அல்-மக்காரி எழுதினார். சிங்கக்குட்டி கற்பனையாக இருக்கலாம். நரம்பும் அதைத் தீண்டும் பொருளும் மாறினால் நாதமே மாறும் என்ற அறிவு கற்பனையன்று.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் இறகை விட்டு விரல்களால் மீட்டத் தலைப்பட்டனர். தனித்தனியே செல்லும் பல குரல்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதற்கு விரல்களே ஏற்றவை. ஆயினும் இறகின் பழக்கம் கையில் தங்கிவிட்டது. பெருவிரல் கீழ்நோக்கி அழுத்தமாகவும், சுட்டுவிரல் மேல்நோக்கி மெலிதாகவும் மீட்டின. 1507இல் வெனிஸில் பெட்ரூச்சி அச்சிட்ட லூட் நூலில், மேல்நோக்கி மீட்டவேண்டிய எண்களின் கீழே ஒரு புள்ளி உண்டு. அந்த இசை, பேச்சைப்போல வலிதும் மெலிதுமாக நடந்தது என்பதற்கு அப்புள்ளியே சான்று.

நரம்போ ஆட்டுக்குடல். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் சுருதி சேராது. எனவே அதை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிப் பார்க்கும்படி 16ஆம் நூற்றாண்டு நூல்கள் கூறின. அதிர்வு இரு கோடுகளாகத் தெளிவாகத் தெரிந்தால் நல்ல நரம்பு. குழம்பித் தெரிந்தால் பழுது. 1610இல் ஜோன் டௌலண்ட், தம் மகனின் நூலில், நரம்புத் தெரிவுக்கெனத் தனிப் பகுதியே எழுதினார்.

என் மனத்தைத் தொட்டவர் தோமஸ் மேஸ். கேம்பிரிட்ஜில் பாடகராயிருந்தவர். இங்கிலாந்தில் லூட் வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில் அவருடைய செவியும் மந்தமாயிற்று. தம் காதுக்கு எட்டும்படி 50 நரம்புகள் கொண்ட இரட்டை வாத்தியம் ஒன்றை அமைத்தார். 1676இல் வெளியிட்ட பெருநூலில் நரம்பு வகைகளைப் பெயர் சொல்லி விளக்கினார். நகத்தால் அன்றி விரலின் தசையால் மீட்டுவதே இனிமை என்றார்.

20ஆம் நூற்றாண்டில் லூட் மீண்டெழுந்தபோது பலர் நைலோன் நரம்பையே பூட்டினர். அது எளிதில் அறாது. சிலரோ அறுந்துபோகும் குடல்நரம்புக்கே திரும்பினர். பழைய ஒலியைத் தேடிய அவர்களுக்கு மேஸின் ஏடுகள் வழிகாட்டின. செவி குன்றியவர் எழுதிவைத்ததைக் கொண்டே பிறர் அந்த இசையைக் கேட்கிறார்கள்.