விமானம் பொருத்திய கைகள்

வன்னி மண்ணிலே ஆகாய விமானம் என்ற சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்து சேர்ந்த இஸ்ரேலியத் தயாரிப்பான ‘கிபிர்’ விமானத்தின் பெயரை எழுத்தறியாத குழந்தையும் அறிந்திருந்தது. அதன் இரைச்சல் கேட்டதும் மக்கள் பதுங்குகுழியை நோக்கி ஓடினர். அக்குழிகள் பலவற்றுக்குக் கூரையாக அமைந்தவை எவை? 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றுபோன பின்னர், ஓமந்தை வழியே சென்ற அப்பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளுமே.

விமானத்தை ஓட்டியவனைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். அதனை ஏவியவனைப் பற்றியும் பேசியிருக்கிறோம். அதனைப் பொருத்திய தொழிலாளி யார் என்று கேட்டிருக்கிறோமா?

ஓமந்தைக்குத் தெற்கே, வவுனியாவிலுள்ள விமானத்தளம் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தோன்றியது. 1943இல் பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் பிரிவுகளைச் சேர்ந்த ‘போபோர்ட்’ விமானங்கள் அங்கு நின்றன. இவ்வகை விமானத்தை உருவாக்கியது இங்கிலாந்திலே, பில்டன் என்னுமிடத்திலிருந்த பிரிஸ்டல் கம்பெனியின் ஆலை. 1940 செப்டம்பர் 25ஆம் திகதி ஜெர்மன் விமானங்கள் அவ்வாலையைத் தாக்கின. பதுங்கிடங்களில் ஒதுங்கிய தொழிலாளர் பலர் அவற்றினுள்ளேயே மாண்டனர். குண்டுவிமானம் செய்தவனுக்கும் குழியே கதியாயிற்று என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அத்தொழிலின் இயல்பைச் சற்று நோக்குவோம். விமானத்தின் உடல் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. தகட்டையும் சட்டத்தையும் இணைப்பது தறையாணி. ஆலை வழக்கிலே ‘ரிவெட்’. ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலால் ஆணியின் தலையில் அடிக்க, மறுபுறத்தே இன்னொருவர் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிப்பார். ஆணியின் முனை நசுங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒரு சிறகில் இத்தகைய ஆணிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. துளை சற்றே பிசகினாலும் வெடிப்பு அங்கிருந்தே தொடங்கலாம். ஓயாத இரைச்சலால் செவி மந்தமாவதும், அதிர்வினால் விரல்கள் வெளிறி மரத்துப்போவதும் இத்தொழில் தரும் நோய்கள். இத்துணை நுட்பமும் பொறுப்பும் உடைய தொழிலாளிக்கு, தான் பொருத்திய சிறகு எவர் தலைமீது பறக்கும் என்று கேட்கும் உரிமை மாத்திரம் இல்லை.

அயலிலுள்ள பெங்களூரின் சரித்திரம் இதனை இன்னும் தெளிவாக்கும். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனியை அங்கே நிறுவினார். யுத்தத்தின் நடுவே அது நேசநாட்டுப் படைகளின் விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. யுத்தம் முடிந்ததும் அந்த வேலை அருகியது. அதே ஆலை புகையிரதப் பெட்டிகளைச் செய்யத் தலைப்பட்டது. போருக்காக உழைத்த ஆலை மக்கள் பயணத்துக்காகவும் உழைக்க முடிந்தது. எதைச் செய்வது என்று தீர்மானித்தவர்கள் மட்டும் தொழிலாளர் அல்லர்.

அத்தீர்மானத்தைத் தொழிலாளரே தம் கையில் எடுத்துக்கொண்ட சம்பவமும் உண்டு. 1973 செப்டம்பர் 11ஆம் திகதி, சிலி நாட்டின் ஜனாதிபதி அலெண்டேயின் மாளிகைமீது ‘ஹாக்கர் ஹண்டர்’ விமானங்கள் குண்டு பொழிந்தன. மறு ஆண்டு, அவ்விமானங்களின் இயந்திரங்கள் சில பழுதுபார்ப்பதற்காக ஸ்கொத்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் நகரிலுள்ள ரோல்ஸ் ராய்ஸ் ஆலைக்கு வந்தன. அங்கே பரிசோதகராயிருந்த பாப் புல்டன் அவற்றைத் தொட மறுத்தார். தொழிற்சங்கத் தோழர்கள் அவருக்குப் பின்னால் நின்றனர். இயந்திரங்கள் நான்கு ஆண்டுகள் கிடந்து துருவேறின. 1978இல் அவற்றை இரவோடிரவாகவே ஆலையிலிருந்து அப்புறப்படுத்த நேர்ந்தது. 2015இல் சிலி அரசு அத்தொழிலாளருட் சிலருக்கு விருதளித்துக் கௌரவித்தது.

ஒரு ஆலையின் மறுப்பினால் சிலியின் கொடுங்கோன்மை ஒழிந்துவிடவில்லை; அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. ஆயினும், கூலிக்கு உழைப்பவன் தன் மனச்சாட்சியையும் சேர்த்து விற்றுவிடவில்லை என்பதை அது உலகுக்கு உணர்த்தியது.

2014 அக்டோபரில், இருபத்துநான்கு ஆண்டுகளின் பின்னர், ஓமந்தையைக் கடந்து யாழ்ப்பாணம்வரை புகையிரதம் மீண்டும் சென்றது. பதுங்குகுழிகளின் சரித்திரத்தை நாம் எழுதத்தான் வேண்டும். அதிலே குண்டுக்கு இரையானவரோடு, குண்டுவிமானத்துக்குக் கைகொடுக்க மறுத்த தொழிலாளருக்கும் ஓரிடம் கொடுப்போம். வானத்தைப் பார்த்து அஞ்சாத வாழ்வை வேண்டும் மக்களுக்கு அவர்களே தூரத்து உறவினர்.